குண்டுக்கு 5 டாலர், செய்திக்கு 150 ரூபாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் 'நைட்கிராலர்' என்ற ஆங்கிலப் படத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முதலில் ஒரு சின்னத் திருத்தம். கதாநாயகன் லூ புளூமாக நடித்த ஜேக் ஜில்லன்ஹாலுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கிடைக்கவில்லை. 2014இல் வந்த அந்தப் படத்துக்கு ஆஸ்கரில் ஒரே ஒரு பரிந்துரைதான், அதுவும் திரைக்கதைக்கு. எழுதி இயக்கியவர் டான் கில்ராய். இயக்குநராக அவருக்கு அதுதான் முதல் படம். நடிகரை விட்டுவிட்டார்களே என்று பலருக்கும் வருத்தம். அதனால் கட்டுரையாளர் நினைவில் மாறியிருக்கலாம். சரி, அது போகட்டும்.

நான் எழுத உட்கார்ந்தது கட்டுரையின் கடைசி வரிக்காக. 'லூ புளூம் ஒரு மனநோயாளி, இப்படி ஒருவன் லட்சத்தில் ஒருவன்' என்று முடித்திருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2004 முதல் 2015 வரை விழுப்புரம் பக்கத்தில் ஒரு தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிக்கு நான் ஸ்டிரிங்கராக இருந்தேன். ஸ்டிரிங்கர் என்றால் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: சம்பளம் கிடையாது, வேலை உத்தரவு கிடையாது, கேமரா நம்முடையது, பெட்ரோல் நம்முடையது. நாம் அனுப்பியது டிவியில் வந்தால் காசு. வராவிட்டால் கேசட் செலவும் நம் தலையில். எனக்கு ஒரு செய்திக்கு 150 ரூபாய். லூ புளூம் செய்வதும் இதே தொழில்தான், ஊர்தான் லாஸ் ஏஞ்சல்ஸ்.

படத்தைப் போன மாதம்தான் பார்த்தேன். மகன் அவனுடைய லேப்டாப்பில் போட்டுக் கொடுத்து, "அப்பா, இது உங்க கதைப்பா" என்று சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன்.

தொடக்கத்தில் அந்த ஆள் கம்பி வேலி, செம்புக் கம்பி, சாலையில் கிடக்கும் சாக்கடை மூடி என்று திருடிப் பழைய இரும்புக்காரரிடம் விற்கிறான். விற்ற கையோடு அங்கேயே வேலையும் கேட்கிறான். திருடனுக்கு வேலை கொடுக்கமாட்டேன் என்று கடைக்காரர் சொல்லிவிடுகிறார். அவன் கோபப்படுவதில்லை. சிரித்துவிட்டுப் போகிறான். அதே இரவு நெடுஞ்சாலையில் ஒரு கார் எரிகிறது, ஒருவர் கேமராவோடு ஓடி வந்து படம் எடுக்கிறார், இதை யார் அதிகம் தருகிறார்களோ அவர்களுக்கு விற்பேன் என்கிறார். இவன் கண்ணில் ஒரு வெளிச்சம். மறுநாள் ஒரு விலை உயர்ந்த சைக்கிளைத் திருடி, அதைக் கொடுத்து ஒரு சின்ன கேமராவும் போலீஸ் வயர்லெஸ் கேட்கும் பெட்டியும் வாங்குகிறான். வாங்கியதும் என்ன செய்கிறான் தெரியுமா? போலீஸார் பேசும் குறியீட்டு எண்களை எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறான். கலிஃபோர்னியாவில் 187 என்றால் கொலை, 211 என்றால் கொள்ளை. எங்களுக்கு 302 (கொலை), 307 (கொலை முயற்சி), 174 (சந்தேக மரணம்). '174' என்று ஏட்டு போனில் சொன்னால் தூக்கா, மருந்தா என்று கேட்பதுதான் எங்கள் அடுத்த கேள்வி. இப்போது சட்டம் மாறி 302 என்பது 103 ஆகிவிட்டது. டீக்கடையில் இன்னும் 302தான்.

போலீஸ் வயர்லெஸ் கேட்கும் வசதி எங்களுக்கு இல்லை. அதற்குப் பதில் ஒரு நோட்டு இருந்தது. கிரேன் வைத்திருப்பவர், நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடைக்காரர், பிணவறையில் வேலை பார்ப்பவர், 108 வந்த பிறகு அதன் டிரைவர்கள், இவர்களின் நம்பர்கள். தீபாவளிக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு கிலோ இனிப்பு. அதுதான் என் முதலீடு.

லூ முதலில் எடுத்து வந்த காட்சிக்கு அவனுக்குக் கிடைப்பது 250 டாலர். கழுத்தில் ரத்தம் வழியும் ஒரு மனிதரை, மருத்துவ உதவியாளர்களின் முதுகுக்குப் பின்னால் கேமராவை நீட்டி மிக அருகில் எடுத்திருப்பான். வாங்கிக்கொள்பவர் நீனா என்ற பெண்மணி, ரேட்டிங்கில் கடைசியில் கிடக்கும் ஒரு டிவியின் விடியற்காலைச் செய்திப் பொறுப்பாளர். ரெனே ரூஸோ நடித்திருக்கிறார். நன்றாக எடுத்திருக்கிறாய், உனக்கு நல்ல கண் இருக்கிறது என்கிற தோரணையில் அவர் பேசுவார். படம் பார்த்த எல்லோரும் பின்னால் வரும் கொலைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு நெஞ்சில் குத்தியது இந்த இடம். பிறந்ததிலிருந்து அவனை யாரும் அப்படிப் பாராட்டியிருக்கமாட்டார்கள் என்று தோன்றியது.

நானும் முதல் விபத்துக் காட்சியை அனுப்பியபோது டெஸ்க்கில் இருந்து, அதாவது டிவி அலுவலகத்தின் செய்திப் பிரிவிலிருந்து, போன் வந்தது. "விஷுவல் சூப்பர் தலைவா. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் குளோஸ் போங்க." அவ்வளவுதான். அந்த ஒரு போனுக்கு நான் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை. அதற்கு முன்னால் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். பெண் வீட்டார் என்னைப் பாராட்டியதைவிடப் பந்தி பரிமாறுபவரைப் பாராட்டியதுதான் அதிகம்.

நீனா இன்னொன்றும் சொல்வார். எல்லாக் குற்றமும் அவருக்கு வேண்டாம். வசதியான பகுதியில், வசதியானவர்களுக்கு, அதிலும் வெள்ளைக்காரர்களுக்கு, ஏழைகளாலோ சிறுபான்மையினராலோ நடந்தது என்றால்தான் அது செய்தி. ஏழைகள் குடியிருக்கும் பகுதியில் கார் கடத்தினால் யாருக்கு என்ன? எங்கள் டெஸ்க் இவ்வளவு பச்சையாகச் சொன்னதில்லை. ஆனால் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி நம்பர் என்ன?" சென்னைப் பதிவு காரா, எத்தனை பேர், ஏதாவது விஐபி சொந்தமா? டிவிஎஸ் 50இல் போன கூலிக்காரர் லாரியில் அடிபட்டுச் செத்தால், "விடுங்க தலைவா, ரெண்டு பேருக்குக் கீழ அனுப்பாதீங்க" என்பார்கள். அந்தச் சாலையில் அப்படி எத்தனை டிவிஎஸ் 50 என்று எனக்குத் தெரியும். அவற்றில் ஒன்றுகூட டிவியின் கீழே ஓடும் டிக்கர் வரியில் வந்ததில்லை.

படத்தில் லூ ஒரு இரவில் போலீஸ் வருவதற்கு முன்பே ஒரு கார் விபத்துக்குப் போய்விடுவான். கீழே கிடக்கும் உடல் ஃபிரேமில் சரியாக விழவில்லை. காலைப் பிடித்து இழுத்து, ஹெட்லைட் வெளிச்சம் படும் இடத்தில் போட்டுவிட்டு எடுப்பான். அதற்கு முன்னால் ஒரு வீட்டில், குண்டு துளைத்த ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் குடும்பப் படங்களை எடுத்துத் துளைகளுக்குப் பக்கத்தில் ஒட்டுவான். உங்கள் கட்டுரையாளர் இந்த இரண்டையும்தான் 'மனிதத்தன்மையே இல்லாத செயல்' என்கிறார்.

இதற்குத்தான் ஆசிரியரே, என் பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2007, வைகாசி அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவம் முடிய நள்ளிரவு தாண்டிவிடும். ஜனங்கள் குட்டி யானையிலும் வேனிலும் ஏறி அப்படியே ஊர் திரும்புவார்கள். டிரைவரும் சேர்ந்து கண் விழித்திருப்பார். மூன்றரை மணிக்கு டீக்கடைக்காரர் போன் செய்தார். செஞ்சி சாலையில் ஒரு குட்டி யானை புளியமரத்தில் மோதிச் சாய்ந்து கிடந்தது. இரண்டு பேர் அங்கேயே இறந்துவிட்டார்கள், ஒரு நடுவயது ஆள், ஒரு கிழவி. அடிபட்டவர்களை ஏதோ ஒரு வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நான் போனபோது ஊர்க்காரர்கள் நான்கைந்து பேரும் ஒரு கான்ஸ்டபிளும் இருந்தார்கள்.

கிழவி ரொம்பச் சின்ன உருவம். முட்டி மடங்கிக் கிடந்தார். மேலே யாரோ வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். தேங்காய் மூடி, எலுமிச்சம்பழம், குங்குமப் பொட்டலம் எல்லாம் சிதறிக் கிடந்தன. பத்தடி தள்ளி, பள்ளத்தில், கயிறு கட்டி இழுக்கும் சிவப்பு பிளாஸ்டிக் லாரி ஒன்று. ஒரு சக்கரம் கழன்றிருந்தது. என்னோடு லைட் பிடிக்க ஒரு பையன் வருவான், இரவுக்கு 50 ரூபாயும் பரோட்டாவும். அவனை சன் கன் விளக்கை அணைக்கச் சொன்னேன். லாரியை எடுத்தேன். வேட்டி ஓரத்தில் வைத்தேன். கயிற்றைக் கொஞ்சம் நீட்டி விட்டேன். அப்புறம் லைட்டைப் போடச் சொன்னேன்.

தெரியாமல் செய்ததல்ல. அந்த வேட்டிக்குக் கீழே இருப்பது குழந்தை என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள் என்று தெரிந்துதான் வைத்தேன். பையன் ஒன்றும் கேட்கவில்லை. லைட்டைப் பிடித்த கை மட்டும் ஆடியது, "நேரா புடிடா" என்றேன்.

ஐந்தேகால் மணி அரசு பஸ்ஸில் கண்டக்டரிடம் 20 ரூபாயும் கேசட்டும் கொடுத்தேன். கோயம்பேட்டில் டிவி ஆள் வாங்கிக்கொள்வார், அப்போதெல்லாம் அப்படித்தான். 10 மணிச் செய்தியில் வந்துவிட்டது. நான் சொல்லாததையெல்லாம் அங்கே எழுதிவிட்டார்கள். சிவப்பு லாரி மேல் மூன்று தடவை ஜூம் போனது, பின்னால் புல்லாங்குழல்.

அந்தக் குழந்தை சாகவில்லை. கால் முறிந்து அரசு மருத்துவமனை வார்டில் இருந்தான், நான்கு வயது. அவனுடைய பாட்டி கோயிலுக்குப் போகவில்லை, ஊரிலேயே இருந்தார். அரசு கொடுத்த இலவச டிவி அந்தத் தெருவில் அப்போதுதான் வந்திருந்தது. பக்கத்து வீட்டு டிவியில் அவர் லாரியைப் பார்த்தார். போன மாசி மயானக் கொள்ளைத் திருவிழாவில் அவரே பேரனுக்கு வாங்கிக் கொடுத்தது. வார்டுக்குப் போகவே இல்லை. நேரே பிணவறைக்கு வந்தார். "எங் கண்ணு லாரிய கையிலயே புடிச்சிக்கினு போயிட்டானே" என்று வாசலில் விழுந்து புரண்டார். நான் அங்கே மைக்கோடு நின்றிருந்தேன், பைட் எடுக்க, அதாவது அவர் பேசுவதைப் பதிவு செய்ய. "பேரனுக்கு எத்தனை வயசும்மா?" என்று கேட்டேன். அவர் பதில் சொன்னார்.

ஒன்றேகால் மணி நேரம். அப்புறம்தான் ஏட்டு ஒருவர் வந்து, "எம்மா, புள்ள மேல வார்டுல இருக்கான், ஏந்திரி" என்று எழுப்பிக் கூட்டிப் போனார்.

நான் டெஸ்க்குக்குப் போன் செய்து குழந்தை உயிரோடு இருக்கிற விஷயத்தைச் சொன்னேன். அதையாவது சொன்னேன். லாரி எப்படி அங்கே வந்தது என்பதைச் சொல்லவில்லை. டெஸ்க்கில் இருந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது ஸ்டோரி இல்ல தலைவா. பாட்டி அழுற விஷுவல் இருக்குல்ல, அத அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். மாலையில் வந்தது. அந்த மாதக் கணக்கில் 150ம், ஸ்பெஷல் என்று கூடுதலாக 100ம் சேர்ந்து வந்தது.

இப்போது படத்துக்கு வருகிறேன். கிரனடா ஹில்ஸ் என்ற வசதியான பகுதியில் ஒரு வீட்டுக்குள் புகுந்து மூன்று பேரைக் கொன்றுவிடுகிறார்கள். லூ போலீஸுக்கு முந்திப் போய் வீடு முழுக்க எடுத்து விற்கிறான். கொலைகாரர்கள் முகமும் கார் நம்பரும் அவனிடம் இருக்கின்றன, அடுத்த செய்திக்கு ஆகும் என்று அதை மட்டும் மறைத்து வைத்துக்கொள்கிறான். நல்ல குடும்பத்தில் புகுந்த பயங்கரம் என்று டிவி அலறுகிறது. பிறகு அந்த வீட்டில் போதைப் பொருள் பதுக்கி வைத்திருந்தது தெரியவருகிறது. அது கொள்ளையே அல்ல, சரக்கு விவகாரம். இதைச் செய்தியில் சொல்லவேண்டாமா என்று சக ஊழியர் ஒருவர் கேட்கிறார். நீனா வேண்டாம் என்கிறார். சொன்னால் கதை செத்துவிடும். நீனா மனநோயாளி அல்ல. பைத்தியம் என்று அவரை உங்கள் கட்டுரையும் சொல்லவில்லை, அவர் பெயரே கட்டுரையில் இல்லை. அவருக்கும் ஒப்பந்தம் முடியப்போகிறது, எந்த டிவியிலும் இரண்டு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை, ரேட்டிங் ஏறாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். லூ அதைத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் பேரம் பேசுகிறான். அந்தப் பேரம் நடக்கும் ஓட்டல் காட்சியில் ரத்தமே கிடையாது. படத்திலேயே எனக்குப் பார்க்க முடியாமல் போனது அதுதான். எழுந்து போய் மோட்டார் போட்டுவிட்டு வந்தேன்.

லூவிடம் வேலைக்கு வரும் ரிக் என்ற பையனுக்கு (ரிஸ் அகமது அருமையாகச் செய்திருக்கிறார்) இரவுக்கு 30 டாலர். கடைசியில் அவன் சுடப்பட்டுக் கிடக்கும்போது முதலாளி அவனையே படம் எடுக்கிறான். என் லைட் பையன் நினைவுக்கு வந்தான். பயப்படாதீர்கள், அவன் நன்றாக இருக்கிறான். கொத்தனாராகி, சொந்தமாக காண்ட்ராக்ட் எடுக்கிறான். எதிரே வந்தால் வணக்கம் சொல்வான், நின்று பேசமாட்டான்.

இந்தக் கதை டான் கில்ராய்க்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். நியூயார்க்கில் 1930, 40களில் வீஜீ என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார். ஆர்தர் ஃபெலிக் என்பது நிஜப் பெயர். 1938 வாக்கில் காரிலேயே போலீஸ் ரேடியோ வைத்துக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைத்தது. கார் டிக்கியில் டைப்ரைட்டர், ஃபிளாஷ் பல்பு, சுருட்டு. கொலை நடந்த இடத்துக்கு போலீஸோடு போட்டி போட்டுக்கொண்டு போவார். அவரே சொன்ன ஒரு கணக்கு உண்டு: ஒரு பெரிய பத்திரிகை இரண்டு கொலைப் படங்களுக்கு 35 டாலர் கொடுத்ததாம். ஒரு பிணத்தில் ஐந்து குண்டு, இன்னொன்றில் இரண்டு, குண்டுக்கு 5 டாலர், பெருக்கிப் பாருங்கள் என்றார். நக்கல்தான். ஆனால் அப்படிப் பீஸ் ரேட்டில் வாழ்ந்தவனுக்கு அது நக்கலாகக் கேட்காது. எங்கள் டெஸ்க்கின் 'ரெண்டு பேருக்குக் கீழ அனுப்பாதீங்க' என்பதும் அதே வாய்ப்பாடுதான்.

இன்னொரு விஷயம், படத்தின் பெயர். நைட்கிராலர் என்றால் அமெரிக்காவில் தூண்டிலில் கோர்க்கும் பெரிய மண்புழு என்றும் ஒரு பொருள் உண்டாம். மகன் சொன்னான். இரவில் ஈரத்தில் வெளியே வரும், பிடித்து டப்பாவில் போட்டு விற்பார்களாம். மீன் யாருக்கு என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள் இதைப் பார்த்துக் கோபப்படவில்லையா என்று கேட்டால், படத்தில் செய்தி வாசிப்பவர்களாக வருகிறவர்களில் சிலர் அந்த ஊர் டிவியில் நிஜமாகவே செய்தி வாசித்தவர்கள். தங்கள் முகத்தோடு, தங்கள் பெயரோடு வந்து நடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு அது பெரிய வியப்பு. நம் ஊரில் கேட்டால் வருவார்களா தெரியாது.

நான் 2015இல் விட்டுவிட்டேன். பெரிய ஞானோதயம் எல்லாம் இல்லை, முதுகுவலி. அப்புறம் வாட்ஸ்அப் வந்தபின் கேமராவே தேவைப்படவில்லை, விபத்தில் தப்பியவரே எடுத்து அனுப்பிவிடுகிறார், இலவசமாக. இப்போது பாஸ்போர்ட் போட்டோ, ஆதார் பிரிண்ட், லேமினேஷன் என்று கடை ஓடுகிறது. 2019 அக்டோபரில் மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்தபோது கடையில் டிவி ஓடிக்கொண்டே இருந்தது. நான்கு நாள். குழிக்குள் தெரிந்த அந்தச் சின்னக் கையைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள், லேமினேஷனுக்கு வந்தவர்கள் வாங்கிக்கொண்டும் போகாமல் நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன். தூத்துக்குடியில் ஒரு வீட்டில் பெற்றோர் அந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை குளியலறைத் தண்ணீரில் மூழ்கி இறந்ததும் அந்த நாட்களில்தான். அதையும் பிரேக்கிங் போட்டார்கள்.

உங்கள் கட்டுரையாளருக்கு நான் சொல்ல வந்தது இதுதான்: லூவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நீனாவை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். கடைசிக் காட்சியில் லூ புது வண்டிகள் வாங்கி, புதிதாகச் சேர்ந்த மூன்று பேருக்கு அறிவுரை சொல்லி அனுப்புகிறான். அந்த மூன்று பேரும் நல்ல பிள்ளைகளாகத்தான் தெரிகிறார்கள், தலை வாரி, சட்டையை இன் செய்து.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டிக்கொள்ளுங்கள். லாரி விஷயத்தை மட்டும் வெட்டவேண்டாம். அந்தப் பையனுக்கு இப்போது இருபதைத் தாண்டியிருக்கும். அவன் வீட்டில் யாராவது பேப்பர் படிப்பார்களா, தெரியாது.

போன வாரம் கடைக்கு ஓர் இளைஞர் வந்தார். யூடியூபில் செய்திச் சேனல் நடத்துகிறாராம், போன் மாட்டும் ஸ்டாண்ட் வேண்டும் என்றார். பேச்சுவாக்கில் நான் பழைய ஸ்டிரிங்கர் என்று தெரிந்ததும் குரலே மாறிவிட்டது. "அண்ணே, நம்ம ரோட்டுல ஆக்சிடென்ட்னா மொதல்ல யாருக்குண்ணே தெரியும்?" என்று கேட்டார். படம் பார்த்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. நான் யோசிக்கக்கூட இல்லை. கல்லாவுக்குக் கீழே கை போய் நம்பர் நோட்டை எடுத்துவிட்டது.

இப்படிக்கு,
முன்னாள் ஸ்டிரிங்கர் ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்
(பெயர் வெளியிட வேண்டாம்)